காலி டேங்க்கும் கடைப் பையனும்

பெங்களூரில் இருசக்கர வண்டிப் பட்டறை நடத்தும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த நண்பர்களே,

சிவாஜி நகரிலும் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் விவேக் நகரிலும், ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளை ஒட்டிய சந்துகளிலும், தகரக் கூரையின் கீழ் இரண்டு ஸ்பேனர் பெட்டியும் ஒரு கம்ப்ரெஸரும் வைத்துக்கொண்டு, இந்த மாநகரத்து வண்டிகளையெல்லாம் ஓடுகிற நிலையில் வைத்திருக்கும் உங்களுக்கு இந்த மடலை மிகுந்த மரியாதையோடும், அதற்குச் சற்றும் குறையாத கவலையோடும் எழுதுகிறேன். எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதில் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியது ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்த விஷயம் எஞ்சினைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிற, கூலிக் கணக்கில்கூட இடம்பெறாத ஒரு சிறு காரியத்தைப் பற்றியது. டேங்க்கிலுள்ள பெட்ரோலை வடித்து, டேங்க்கைக் கழற்றி இறக்கி வைக்கிற காரியத்தைப் பற்றியது.

பட்டறைகளில் இதற்கென்று எழுதப்படாத ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. வால்வு செட்டிங்கும் கார்புரேட்டர் டியூனிங்கும் முதலாளியின் கைக்கு உரியவை. செயின் செட் மாற்றுவதும் பிரேக் ஷூ மாற்றுவதும் இரண்டாவது ஆளின் கைக்கு உரியவை. டேங்க்கை இறக்குவதோ, ஊரிலிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகாத, ஸ்பேனர் நம்பரை இன்னும் தடுமாறிப் படிக்கிற பையனின் தலையில் விழுகிற வேலை. “டேய், டேங்க்கை இறக்கி வைடா” என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த வண்டியைப் பார்க்கத் திரும்பிவிடுகிறோம். அவனும் ஒரு பழைய தண்ணீர் பாட்டிலை எடுத்து, அதன் வாய்க்குள் டியூபைச் செருகி, பாட்டில் நிரம்பியதும் விரலால் டியூபின் நுனியை அடைத்துக்கொண்டு இன்னொரு பாட்டிலைத் தேடுகிறான். அந்த இடைவெளியில் தரையில் சிந்துகிற இரண்டு கை பெட்ரோலை பனியன் வேஸ்ட்டால் துடைத்து, அந்த வேஸ்ட்டைச் சுவரோரம் எறிந்துவிடுகிறான். பட்டறையில் நடைபெறுகிற அத்தனை வேலைகளிலும் உயிருக்கு அபாயம் மிகுந்தது எதுவோ அதை, அனுபவத்தில் எல்லோரினும் குறைந்தவன் கையில் ஒப்படைத்திருக்கிறோம் என்பதே என் முறையீடு. இந்த வேலையை முதலாளியாகிய நீங்களே உங்கள் கையால் செய்ய வேண்டும்; பையன் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இது ஒன்றைக் கேட்கவே இவ்வளவு நீளமாக எழுதத் துணிந்தேன்.

பெட்ரோல் எரிகிறது என்று நாம் சொல்வது வழக்கமே தவிர, உண்மையில் எரிவது அதன் ஆவி. மண்ணெண்ணெயும் டீசலும் சாதாரண வெப்பத்தில் தீக்குச்சியைக் காட்டினால்கூட உடனே பற்றாமல் சற்றுத் தயங்குவதற்கும், பெட்ரோல் தயங்காததற்கும் காரணம், பெட்ரோலானது உறைபனிக்கும் கீழே ஏறத்தாழ நாற்பது டிகிரி குளிரிலேயே பற்றக்கூடிய அளவு ஆவியை வெளியிட்டுக்கொண்டிருப்பதுதான். நம் ஊரின் குளுமையை நம்பி இதில் ஏமாந்துவிடக் கூடாது. பெங்களூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1884ஆம் ஆண்டு ஜனவரியில் காணப்பட்ட 7.8 டிகிரி; அந்த அபூர்வமான குளிர் மறுபடி வந்தாலும் பெட்ரோலுக்கு அது கடுங்கோடையே. இந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே எழுந்து கூரை வழியாகப் போய்விடாமல் தரையோடு தரையாகப் படர்ந்து, பள்ளமான இடத்தைத் தேடிச் சென்று தங்குகிறது. கண்ணுக்கும் தெரியாது, சில நிமிஷங்கள் அதே வாடையில் நின்ற மூக்குக்கும் தெரியாமல் போகும்.

இதற்குக் கணக்கு ஒன்று உண்டு. தயவுசெய்து பொறுமையோடு கேளுங்கள். காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு பெட்ரோல் ஆவி கலந்தால் அந்தக் கலவை தீப்பற்றும் தகுதியை அடைகிறது. ஏழரைப் பங்கைத் தாண்டினால் காற்று போதாமல் அந்தத் தகுதியை இழக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் ஆவியானால் சுமார் நூற்றைம்பதிலிருந்து இருநூறு லிட்டர் ஆவி உண்டாகும். ஏழடி நீளமும் ஏழடி அகலமும் எட்டடி உயரமுமுள்ள ஒரு பெட்டிக்கடை அளவு பட்டறையின் காற்று முழுவதையும் தீப்பற்றும் கலவையாக்க அது போதும். ஆவி தரையோடு தங்குவதால் கடை முழுவதும் நிரம்பவேண்டிய அவசியமே இல்லை. முழங்கால் உயரத்துக்கு அந்தக் கலவை பரவ, சிந்திப்போன ஒரு தேநீர்க் கோப்பை பெட்ரோலே ஏறக்குறையப் போதும். இப்பொழுது உங்கள் கடையின் தாழ்வான இடங்களில் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். சாமி படத்துக்கு முன்னால் தரையில் ஏற்றி வைத்த விளக்கு இருக்கும். கம்ப்ரெஸரின் மோட்டார் இருக்கும், காற்று குறைந்ததும் தானாகவே ஓடத் தொடங்கும்போது அதன் சுவிட்சில் ஒரு பொறி எழும். இன்வெர்ட்டர் பாட்டரி இருக்கும். வயர் உரிந்த ஹேண்ட் லேம்ப் இருக்கும், கை தவறி விழுந்து அதன் பல்ப் உடைந்தால் உள்ளிருக்கும் இழை ஒரு கணம் செந்தணலாக நிற்கும். பையன் பீடி பிடிக்கவில்லை, தீப்பெட்டியைத் தொடவே இல்லை என்று பிற்பாடு சொல்வதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

சட்டமும் இதைப்பற்றிப் பேசாமல் இல்லை. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயது நிறைந்து பதினெட்டு நிறையாதவர்களை எளிதில் தீப்பற்றும் பொருள்கள் சம்பந்தப்பட்ட தொழிலில் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. 1934ஆம் வருஷத்துப் பெட்ரோலியம் சட்டமோ, லைசென்ஸ் இல்லாமல் ஓரிடத்தில் முப்பது லிட்டருக்குமேல் பெட்ரோல் வைத்திருக்கலாகாது என்றும், அந்த முப்பது லிட்டரையும் இறுக மூடிய கலங்களிலேதான் வைக்கவேண்டும் என்றும், கண்ணாடியோ பீங்கானோ ஆனால் ஒரு லிட்டர், உலோகமானால் இருபத்தைந்து லிட்டர் என்றும் வரையறுத்திருக்கிறது. குடிதண்ணீர் வந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அந்த வரிசையில் இடமில்லை. அந்தப் பாட்டிலைத் தண்ணீரென்று எண்ணி எடுத்து வாயில் வைத்துவிடக்கூடிய குழந்தைகள் நம் வீட்டிலும் உண்டு, பக்கத்து வீட்டிலும் உண்டு.

இனி வேலையின் கிரமத்துக்கு வருகிறேன். நம் பட்டறைகளுக்கு வருகிற பழைய வண்டிகளில் எஸ்டியின்மீதும் ஜாவாவின்மீதும் ஒரு தனிப் பிரியம் உண்டு. மைசூர் யாதவகிரியில் 1961 முதல் 1996 வரை ஐடியல் ஜாவா ஆலையிலிருந்து புறப்பட்ட அந்த வண்டிகள், ஆலை மூடப்பட்டு இத்தனை வருஷங்களுக்குப் பிறகும் இங்குள்ள இளைஞர்களால் தேடித்தேடி வாங்கப்பட்டுப் புதுப்பிக்கப்படுகின்றன. அந்தப் புதுப்பிப்பில் முதல் காரியமே டேங்க்கை இறக்குவது. ஆகையால் அதையே உதாரணமாகக் கொள்வோம்.

எஞ்சின் முற்றும் ஆறியிருக்க வேண்டும். ஓடி வந்த வண்டியின் சைலன்சர் வளைவில் கை வைக்க முடியாத வரை பெட்ரோல் டியூபில் கை வைக்கலாகாது. வண்டியைக் கூரைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில், சாக்கடை மூடிக்கு அருகில் அல்லாமல், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தவேண்டும். சாவியை எடுத்துவிட்டு, பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். டேங்க்கை நகர்த்தும்போது அதன் அடியில் நசுங்கிக் கிடக்கும் வயர்கள் ஃபிரேமில் உரசுவது சாதாரணமாக நடப்பது, வயரில் மின்சாரம் இல்லையென்றால் அந்த உரசலால் கேடில்லை. டேங்க்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடுகிற ‘காக்’கை மூடிய நிலையில் வைத்து, கார்புரேட்டர் முனையில் டியூபின் கிளிப்பைத் தளர்த்தி, டியூபைச் சுழற்றிச் சுழற்றி மெதுவாக இழுக்கவேண்டும். வருஷக் கணக்கில் இறுகிப்போன டியூபை கட்டிங் பிளேயரால் பிடித்து வெடுக்கென்று இழுப்பதைக் காட்டிலும் நுனியில் அரை அங்குலத்தை நறுக்கி விடுவதே மேல். ஒரு டியூபின் விலை ஒரு காக்கின் விலை அல்ல.

வடிக்கிற கலம் மூடியுள்ள தகரக் கேனாக இருக்கட்டும். அது வண்டியின்மீதோ ஸ்டூலின்மீதோ இல்லாமல் தரையில் இருக்கட்டும். கேனிலிருந்து ஒரு வயரை ஃபிரேமின் பெயிண்ட் இல்லாத இடத்தில் இணைத்து வையுங்கள். மழையில்லாத பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நம் ஊர்க் காற்று வறண்டிருக்கும்போது, நைலான் சட்டையைக் கழற்றினால் சடசடவென்று சத்தம் வருவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள்; பெட்ரோல் பாயும்போதும் அதே விதமான மின்னூட்டம் சேர்கிறது, பிளாஸ்டிக் புனலிலும் பிளாஸ்டிக் கேனிலும் அது வெளியேற வழியின்றித் தங்குகிறது. டியூபின் நுனி கேனின் அடிவரை போகட்டும். உயரத்திலிருந்து சளசளவென்று விழ விடாதீர்கள். டேங்க் மூடியைச் சற்றுத் தளர்த்திக் காக்கை ரிசர்வுக்குத் திருப்பினால் பெட்ரோல் நிதானமாக இறங்கும்.

முதலில் இறங்குகிற அரைக் குப்பியை மட்டும் ஒரு சிறிய கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து மூடி, நிழலில் வைத்து ஐந்து நிமிஷம் பாருங்கள். டேங்க்கின் ஜாதகம் அதிலே தெரியும். அடியில் துருப்பொடி செம்மண் நிறத்தில் படியலாம். அல்லது அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு வேறொரு திரவம் தெளிந்து நின்று, பாட்டிலைச் சாய்த்தால் தனியாக உருளலாம். இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலைப் பிரதமர் 2023 பிப்ரவரி 6 அன்று தொடங்கிவைத்தது நம் பெங்களூரில்தான். எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கிற வண்டியில் ஈரம் அதிகமாகச் சேர்ந்துவிட்டால், தண்ணீரும் எத்தனாலும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும், பழைய இரும்பு டேங்க்கை உள்ளிருந்தே அரிக்கும், அந்தக் காலத்து ரப்பர் வாஷர்களை ஊத வைக்கும். காக்கை மூடினாலும் சொட்டு நிற்கவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் அந்த வாஷரே. சொட்டுகிற காக்கோடு டேங்க்கைக் கழற்றத் தொடங்கிவிட வேண்டாம். முற்றும் வடித்த பிறகே கழற்றுங்கள்.

முற்றும் வடிந்தது என்று காக் சொல்வதை அப்படியே நம்பவும் கூடாது. டேங்க் ஃபிரேமின் முதுகுக் குழாய்க்கு மேலே குதிரைச் சேணம்போல் இரு பக்கமும் தொங்குகிறது. காக் உள்ள பக்கம் காலியானாலும் மறுபக்கத்துத் தொங்கலில் பெட்ரோல் நின்றுகொண்டே இருக்கும். இரண்டு தொங்கலையும் இணைக்கிற டியூப் உள்ள வண்டியாயிருந்தால் அதைக் கழற்றும்போது இரு பக்கமும் கொட்டும். ஆகவே சீட்டைக் கழற்றி, பின்பக்கத்து போல்ட்டை எடுத்து, ஒருவர் டேங்க்கைக் காக் பக்கமாகச் சாய்த்துப் பிடிக்க இன்னொருவர் கேனைப் பார்த்துக்கொள்ள, மிச்சத்தையும் வடித்துவிடவேண்டும். அதன் பிறகே முன்பக்கத்து ரப்பர்களிலிருந்து பின்னோக்கி இழுத்து மேலே தூக்கவேண்டும். காற்றோட்டக் குழாயும் பெட்ரோல் அளவு காட்டும் வயரும் உள்ள வண்டிகளில், தூக்குவதற்கு முன் அடியில் கையை விட்டுத் தடவி அவை விடுபட்டனவா என்று பார்ப்பது அவசியம். இறக்கிய டேங்க்கைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் ஒரு பழைய டயரின்மேல் வைத்தால் பெயிண்ட்டும் தப்பும், உலோகம் தரையில் உராய்வதும் இல்லை.

2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் இந்தக் கிரமம் மாறுகிறது. அவற்றில் பெரும்பாலும் காக் இல்லை. பம்ப் டேங்க்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. குழாயில் பெட்ரோல் ஏறக்குறைய மூன்று மடங்கு காற்றழுத்தத்தில் நிற்கிறது. நேரே கிளிப்பை அமுக்கினால் அது முகத்தில் பீச்சியடிக்கும். முதலில் பம்பின் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓடவிட்டுத் தானாக அணையச் செய்து, பிறகு பாட்டரி வயரைக் கழற்றி, எஞ்சின் மறுபடி ஆறும்வரை காத்திருந்து, துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு குழாயை எடுக்க வேண்டும். டேங்க்கிலுள்ள பெட்ரோலைக் கைப்பம்பு வைத்து மூடி வழியாக எடுக்கலாம்.

கைப்பம்பு என்றதும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியே ஆகவேண்டும். டியூபை வாயில் வைத்து உறிஞ்சுவதைப் பையனுக்குக் கற்றுக்கொடுக்காதீர்கள். கற்றிருந்தால் மறக்கச் செய்யுங்கள். வயிற்றுக்குள் போன பெட்ரோலைவிட மூச்சுக்குழலுக்குள் போன ஒரு வாய் பெட்ரோல் கொடியது. அது நீர்போல் இளகியதாகையால் நுரையீரலின் ஆழம்வரை பரவி, சில மணி நேரத்தில் மூச்சுத்திணறலையும் காய்ச்சலையும் கொண்டுவரும். தவறி விழுங்கியவனை விரலை விட்டு வாந்தியெடுக்கச் செய்வதும் கூடாது. வெளியே வரும்போதுதான் அது நுரையீரலுக்குள் இறங்குகிறது. உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டும். மாலையில் கடை மூடும்போது கிரீஸ் கையைப் பெட்ரோலில் கழுவுகிற வழக்கத்தையும் இதோடு விட்டுவிடுவது உத்தமம். பெட்ரோலில் ஒரு சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம். இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் அது. சோப்புத்தூளும் மரத்தூளும் கிரீஸை நன்றாகவே எடுக்கும்.

இனி நான் எல்லாவற்றுக்கும் மேலாக அஞ்சுகிற இடத்துக்கு வருகிறேன். டேங்க்கை இறக்கியாயிற்று, கவிழ்த்துப் பார்த்தாயிற்று, ஒரு சொட்டும் விழவில்லை. இனி அபாயமில்லை என்று எல்லோர் சித்தத்திலும் ஓர் ஆறுதல் உண்டாகிறதே, அந்த ஆறுதல் முற்றிலும் பொய்யானது. பெட்ரோல் உள்ள டேங்க்கின் மேற்பகுதியில் ஆவி ஏழரைப் பங்கை எவ்வளவோ தாண்டிச் செறிந்திருப்பதால் பெரும்பாலும் உள்ளே தீப்பற்ற வேண்டிய காற்று இருப்பதில்லை. பெட்ரோலை வடிக்க வடிக்கக் காற்று உள்ளே புகுகிறது; சுவர்களில் ஒட்டிய ஈரம் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது; இரண்டும் சரியான அளவில் கலந்து வெடிமருந்தாக நிற்கிற வேளை, டேங்க் காலியாகத் தோன்றுகிற அந்த வேளையேதான். வெளியில் சிந்திய பெட்ரோல் பற்றினால் ஓடித் தப்பலாம். மூடிய இரும்புக்குள் பற்றினால் தகடு கிழிந்து பறக்கும்.

அந்த நிலையிலுள்ள டேங்க்கைத்தான் பையன் தோளில் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவிலுள்ள கேஸ் வெல்டிங் கடைக்குப் போகிறான், ஓட்டை அடைத்துவர. வெல்டிங் சுடரின் வெப்பம் மூவாயிரம் டிகிரிக்கும் மேல். தண்ணீர் விட்டு இரண்டு தடவை அலசினோம் என்பது போதாது. பழைய டேங்க்கின் உட்புறத்தில், முக்கியமாக எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடிய எஸ்டி டேங்க்கில், பிசின்போல ஒரு பூச்சு படிந்திருக்கிறது. குளிர்ந்த தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது, சுடர் பட்டதும் அதுவே மறுபடி ஆவியாகிறது. சோப்புத்தூள் கரைத்த கொதிக்கும் நீரால் பல தடவை கழுவி, நீராவி பாய்ச்சி, காக்கையும் மூடியையும் எடுத்துவிட்டு நாள் முழுக்கக் காற்றாட வைத்து, அதன் பிறகும் பற்றவைக்கும் இடம் மட்டும் மேலே நிற்கும்படி டேங்க்கை நீரால் நிரப்பி, ஆவி வெளியேற வாய் திறந்திருக்க, அனுபவம் முதிர்ந்த ஒருவர் செய்யவேண்டிய வேலை அது. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், சிறு துருவோட்டைகளுக்கு நெருப்பே வேண்டாம். உட்பூச்சுக்கென்று விற்கிற ரசாயனப் பூச்சு இருக்கிறது, அதற்கும் அடங்காத டேங்க்கை மாற்றிவிடுவதே விவேகம்.

வடித்த பெட்ரோல் சுத்தமாயிருந்தால் நுண்ணிய வலையில் வடிகட்டி அந்த வண்டிக்கே திரும்ப ஊற்றலாம். அழுக்கானதைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். மூடிய சாக்கடையில் அந்த ஆவி எத்தனை வீட்டு வாசலைக் கடந்து போகும் என்று யாரும் சொல்ல முடியாது. சாக்கடை ராஜகால்வாயில் சேர்கிறது, ராஜகால்வாய் ஏரியில் சேர்கிறது, 2015ஆம் வருஷம் பெல்லந்தூர் ஏரியின் நுரையே பற்றியெரிந்ததை நாம் கண்ணால் கண்டவர்கள். தனிக் கேனில், பழைய எஞ்சின் ஆயிலோடு கலக்காமல் மூடி வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுத்துவிட வேண்டும்.

இவ்வளவு ஜாக்கிரதைக்குப் பின்னும் தீ எழுமானால் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்ரோல் தண்ணீரின்மேல் மிதந்து தீயைச் சுமந்துகொண்டு போகும். ஒரு வாளி மணலும், உலர்பொடி நிரப்பிய ஒரு தீயணைப்பானும் வாசற்பக்கத்தில், தப்பி ஓடுகிறவன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். கடையின் உள்மூலையில் இருந்தால் அவற்றை எடுக்கத் தீயைத் தாண்டவேண்டும். உடம்பில் பட்ட தீயை அணைத்ததும் குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் விட்டுக் குளிரச் செய்யுங்கள். இங்க்கோ பற்பசையோ தடவாதீர்கள். கலாசிபாளையத்துக்குப் பக்கத்திலேயே விக்டோரியா ஆஸ்பத்திரியில் தீக்காயத்துக்கென்றே மகாபோதி மையம் இருக்கிறது. அந்த வழியைப் பையனுக்கும் சொல்லி வையுங்கள்.

உங்களிடம் இத்தனையும் கேட்கிறபோது, வண்டிக்காரர்களாகிய எங்கள் பங்கையும் சொல்லிவிடுவது நியாயம். வண்டியைச் சூடாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, “ஆபீசுக்கு நேரமாகிறது, சீக்கிரம் முடித்துக் கொடுங்கண்ணா” என்று தலைக்குமேல் நிற்பவர்கள் நாங்கள். டேங்க் இறக்குவதற்குத் தனியாகக் கூலி கேட்டால் அதற்கெல்லாமா காசு என்று முகம் சுளிப்பவர்களும் நாங்களே. முதலாளியே கையைப் போட்டுச் செய்கிற வேலையாக அது ஆகிறபோது அதற்குரிய கூலியைக் கேட்டு வாங்குங்கள். தகரக் கேன், கைப்பம்பு, தீயணைப்பான் ஆகியவற்றின் செலவையும் அந்தக் கூலியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைத் தர மறுப்பவரின் வண்டியை டேங்க் இறக்காமலே திருப்பி அனுப்புங்கள். எஞ்சின் ஆற அரைமணி நேரமாகும் என்று நீங்கள் சொன்னால், எதிரிலுள்ள தர்ஷினி ஓட்டலில் ஒரு பை-டூ காபி குடித்துவிட்டு வருகிறோம்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
ஒரு பழைய எஸ்டிக்காரன்
அல்சூர், பெங்களூர்